லொறிச் சக்கரத்திலிருந்து வாவிக்கு

மட்டக்களப்புப் பக்கம் டயர் ஒட்டுகிற கடைகளின் சுவர் ஆணிகளில் பழைய லொறி டியூப்கள் தொங்கும். தெருவுக்கு இனி உதவாது என்று கழித்துவிடப்பட்டவை. சாமான் கட்ட வார் வெட்டுகிறவர்கள் வந்து கேட்பார்கள். குருவி அடிக்கிற கவணுக்குத் துண்டு கேட்டுப் பொடியன்கள் வருவார்கள். இடைக்கிடை ஒருவர் வந்து டியூப்பைக் கீழே இறக்கச் சொல்வார், காற்றடிக்கச் சொல்வார், கடை வாசலில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் அதைச் சுற்றிச் சுற்றி அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். வால்வின் அடியைப் பெருவிரலால் நெரித்துப் பார்ப்பார். அவர் வாவியிலோ குளத்திலோ தொழில் செய்கிறவர். தோணி வாங்கக் கையில் காசில்லாதவராக இருப்பார், அல்லது தோணி நுழையாத கண்ணாக் காட்டுக்குள்ளும் பட்டமரக் கட்டைகளுக்கு நடுவிலும் வலை வைக்கிறவராக இருப்பார். அவருடைய கலம் அந்த டியூப்தான்.

இலங்கையில் மீன்பிடிக் கலங்கள் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டத்தின்கீழ் பதியப்படுகின்றன. கணக்கெடுக்கும்போது அவற்றை வகை வகையாகப் பிரிப்பார்கள்: இயந்திரமில்லாத பாரம்பரியக் கலம், இயந்திரம் பூட்டிய பாரம்பரியக் கலம், கண்ணாடியிழைப் படகு, ஒருநாட் படகு, பலநாட் படகு, கரைவலைப் படகு. வாவித் தோணிக்கு முதலாவது வகையில் இடம் உண்டு. டியூப்புக்கு எந்த வகையிலும் இடமில்லை. கலமென்று எண்ணப்படாததால் அதை எப்படித் தேர்வது, எப்படிக் கட்டுவது, எங்கே கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிக் கொடுப்பாரும் இல்லை. ஆனால் அதன்மேல் உயிரை வைத்துத் தண்ணீருக்குள் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பொருளின் கதையை முதலிலிருந்து சொல்ல நினைக்கிறேன்.

கதை தொடங்குவது அமேசன் காட்டில். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளைக் கப்பலேற்றி இலண்டனுக்குக் கொண்டுபோனார். கியூ தாவரவியற் பூங்காவில் அவற்றை நட்டபோது முளைத்தவை கிட்டத்தட்ட 2,700 மட்டுமே. இறப்பர் விதை எண்ணெய்ப்பற்று உள்ளது. சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். முளைத்தவற்றில் பெரும்பங்கை, 1,900க்கு மேற்பட்ட கன்றுகளை, அதே ஆண்டில் கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்து இலங்கைக்கு அனுப்பினார்கள். கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட பூங்காவில் அவை ஊன்றப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு மூலம் என்று சொல்லத்தக்க இடங்களில் அது முதன்மையானது. பிறகு களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி என்று ஈரமலைச் சரிவுகளில் இறப்பர் பரவியது.

அந்தச் சரிவுகளில் விடியுமுன் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டியவர்களில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகையால் இருட்டில் எழும்ப வேண்டும். பட்டையைச் சாய்வாகச் சீவினால் வெட்டின் வழியே பால் இறங்கிச் சிரட்டையில் சேரும். அதில் அமிலம் விட்டு உறைய வைத்து, உருளைக்குள் கொடுத்துத் தட்டையாக்கி, புகையறையில் தொங்கவிட்டு எடுத்தால் பழுப்பு நிறத் தகடு கிடைக்கும். அட்டை கடித்த கால்களோடு அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்த மக்களின் பெயர் எந்த டயரிலும் அச்சாகவில்லை. இந்தக் கதையிலாவது அவர்களைத் தாண்டிப் போகக் கூடாது.

பச்சை இறப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் உடையும். 1839இல் சார்ள்ஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிய பிறகுதான் அது நம்பத்தக்க பொருளானது. காற்றடைத்த சக்கரத்துக்கு 1845இலேயே ரொபேட் வில்லியம் தோம்சன் காப்புரிமை எடுத்தார். அப்போது அது எடுபடவில்லை. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் ஜோன் பொய்ட் டன்லப் என்ற மிருக வைத்தியர், மகனுடைய மூன்று சக்கரச் சைக்கிள் கல்லில் உதறாமல் ஓட வேண்டுமென்று இறப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றியபோது அது நிலைத்தது. டியூப் பிறந்தது அங்கேதான்.

அடுத்து நடந்தது எங்கள் கரைக்குக் கிட்டவே வந்தது. 1942இன் முதல் மாதங்களில் மலாயாவும் சிங்கப்பூரும் ஜாவாவும் ஜப்பானியர் கையில் விழுந்தன. உலகத்தின் இறப்பரில் பெரும்பகுதி அந்த நாடுகளிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நேச நாடுகளுக்கு மிஞ்சிய இறப்பர்த் தோட்டங்களில் இலங்கையே முக்கியமானது. மரம் செத்தாலும் பரவாயில்லை என்று ஒட்ட வெட்டிப் பால் எடுத்தார்கள். அந்த ஏப்ரல் 9ஆந் திகதி திருகோணமலையிலிருந்து வெளிக்கிட்டு வந்த ஹேர்மஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு நேரே கடலில் மூழ்கடித்தன. முந்நூறுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அந்தக் கப்பல் இன்னும் ஐம்பது மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கல்லடிக்கு வெளியே கிடக்கிறது.

இறப்பருக்கு வந்த அந்தத் தட்டுப்பாடுதான் டியூப்பின் உடம்பையே மாற்றியது. பெற்றோலியத்திலிருந்து செய்யும் பியூட்டைல் இறப்பரை 1937இல் அமெரிக்காவில் கண்டுபிடித்திருந்தார்கள். போர்க்காலத்தில் அதை டியூப்புக்குப் பயன்படுத்தத் தொடங்கியபோது ஒரு பெரிய நன்மை தெரிந்தது: இயற்கை இறப்பர் வழியே காற்று கசியும் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் பியூட்டைல் வழியே கசிகிறது. சக்கரத்தில் இருக்கும்போது இது சாரதியின் வசதி. தண்ணீரில் இருக்கும்போது, கரையை விட்டு எவ்வளவு நேரம் தள்ளி நிற்கலாம் என்பதையே இது தீர்மானிக்கிறது. இன்று கடைகளில் கிடைக்கும் லொறி டியூப்களில் பெரும்பாலானவை பியூட்டைல். இயற்கை இறப்பரில் செய்தவையும் இருக்கின்றன. வித்தியாசம் காண ஒரு வழி உண்டு: ஓரத்தைப் பிடித்து இழுத்து விடுங்கள். இயற்கை இறப்பர் சட்டென்று சுண்டித் திரும்பும். பியூட்டைல் சோம்பலாகத்தான் பழைய நிலைக்கு வரும். தண்ணீருக்கு நல்லது அந்தச் சோம்பேறிதான்.

1952ஆம் ஆண்டை எங்கள் மாவட்டம் இரண்டு காரணங்களுக்காக நினைவில் வைக்கலாம். அந்த ஆண்டு திசம்பரில் இலங்கையும் சீனாவும் இறப்பர் – அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு மாற்றாக 270,000 தொன் அரிசி, ஐந்து வருடத்துக்கு. அரிசிக்காக இறப்பரைக் கொடுத்த நாடு நாங்கள். அதே 1952இல்தான் ஆபிரிக்காவின் திலாப்பியா மீன் இலங்கைக் குளங்களுக்குக் கொண்டுவரப்பட்டது. யப்பான் மீன் என்று எங்கள் ஆட்கள் சொல்வது அதைத்தான். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி என்று படுவான்கரைப் பக்கத்துக் குளங்களில் ஏழை வீட்டுக் கறிச்சட்டிக்குப் போகிற மீன் அது. தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை 1998இன் 53ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானபின் குளங்களில் மீன்குஞ்சு விடும் வேலையை அது செய்து வருகிறது. டியூப்பில் வலை வைக்கிறவர் தேடிப் போவது பெரும்பாலும் இந்த மீனையே.

1960களில் சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு களனியில் அரச டயர்க் கூட்டுத்தாபனம் எழுந்தது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், சென்னைத் திருவொற்றியூரில் 1946இல் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பின்னர் டயருக்கு மாறி இலங்கைச் சந்தைக்கும் வந்தது. எங்கே செய்ததானாலும் டியூப் கிழக்குக்கு வந்து சேரும் பாதைகளில் ஏ4 நெடுஞ்சாலையைத்தான் எனக்குப் பிடிக்கும். கொழும்பில் வெளிக்கிட்டு, அவிசாவளை, இரத்தினபுரி என்று இறப்பர்த் தோட்டங்களுக்குள்ளால் ஏறி, வெல்லவாயவில் இறங்கி, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை கடந்து, வாவியை இடப்பக்கம் வைத்துக்கொண்டு கல்லடிக்கு வரும் தெரு அது. தான் பிறந்த மரங்களையும் தான் சாகப்போகும் தண்ணீரையும் டியூப் ஒரே தெருவில் பார்த்துவிடுகிறது.

தெருவில் ஓடும் காலம் அதற்கு இருட்டுக்காலம். பெரிய லொறிகளின் 10.00–20 என்ற அளவுச் சக்கரத்தில், டயருக்கும் ரிம்முக்கும் இடையே, பிளாப் என்ற இறப்பர்ப் பட்டியின்மேல் அது நெரிந்து கிடக்கும். நூறு இறாத்தல் அளவுக்குக் காற்றைத் தாங்கும். ஆனால் அந்தப் பாரத்தைச் சுமப்பது டயரின் உடம்பு. டியூப் செய்வது காற்றைப் பிடித்து வைத்திருப்பது மட்டும். இதை மறந்துவிட்டுத்தான் சிலர் வெளியே எடுத்த டியூப்புக்கும் அப்படியே காற்றடிக்கிறார்கள். டயர் இல்லாத டியூப்பை இறுக்கி அடித்தால் மெல்லிய பக்கம் மட்டும் வீங்கி, ஒருநாள் அந்த இடத்திலேயே வெடிக்கும்.

ஆணி ஏறும், ஒட்டுப் போடுவார்கள். அரத்தாள் தேய்த்து, சொலூசன் பூசி, அது உலரும் வரைக்கும் பொறுத்து ஒட்டைப் பதிப்பது ஒரு முறை. சூடு கொடுத்து இறப்பரோடு இறப்பராக இறுக்குவது இன்னொரு முறை. தண்ணீருக்குப் போகும் டியூப்புக்கு அதுவே மேல். பல ஒட்டு விழுந்தபின், அல்லது வால்வின் அடி விட்டுக்கொடுத்தபின், டியூப் ஆணிக்குப் போகும்.

இப்போது தொட்டியடிக்கு வந்த அந்த மனிதரிடம் திரும்பலாம். அவர் என்ன பார்க்க வேண்டும் என்று நான் கேட்டும் பார்த்தும் அறிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அளவு. 10.00–20 லொறி டியூப் ஒன்று நன்றாக ஊதியபின் ஏறத்தாழ 140 லீற்றர் காற்றைக் கொள்ளும். முழுவதும் அமிழ்ந்தால் 140 கிலோவைத் தூக்கும் என்பது அதன் பொருள். ஒரு ஆளும் நனைந்த வலையும் மீனும் சேர்ந்தாலும் ஒரு பகுதி வெளியே நிற்கும். கார் டியூப்பில் நாற்பது லீற்றர்கூட வராது; அது பிடித்துக்கொண்டு நீந்த உதவும், அமர்ந்து தொழில் செய்ய உதவாது. உழவு மிசினின் பின்சக்கர டியூப் பெரியது, படுவான்கரை வயற்காரரிடம் கிடைக்கும். ஆனால் நடுத் துவாரம் அகலம். கட்டுமானம் இல்லாமல் அதில் இருந்தால் ஆள் நழுவி உள்ளே போய்விடுவார். எனக்கு லொறி டியூப்தான் சரியென்று படுகிறது.

அடுத்து இறப்பரின் வயது. மடிப்பு விழுந்த இடங்களை விரித்துப் பாருங்கள். நகத்தால் கீறியது போன்ற மெல்லிய வெடிப்புகள் இருந்தால் வெயிலும் காற்றும் அதை ஏற்கெனவே தின்றுவிட்டன. டீசல், கிறீஸ் மணம் அடித்தால் விடுங்கள். எண்ணெய் பட்ட இறப்பர் பொதுபொதுத்துப் பலம் இழக்கும். ஒட்டுகள் இருக்கலாம், ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கக் கூடாது. வால்வைச் சுற்றி ஒட்டு இருந்தால் எடுக்கவே கூடாது. லொறி டியூப்பின் வால்வு நீண்டு வளைந்த பித்தளைத் தண்டு. தண்ணீருக்குள் காலையும் விலாவையும் அது குத்திக் கிழித்திருக்கிறது, வலையையும் மாட்டியிருக்கிறது. அதை டியூப்போடு சேர்த்து மடக்கித் துணி சுற்றிக் கட்ட வேண்டும். மூடியில்லாத வால்வுக்குள் உப்புநீர் போனால் உள்ளே இருக்கும் சிறு வில் கறள் பிடிக்கும். பிறகு காற்று மெல்ல மெல்லப் போகும், போவது தெரியாது.

கட்டுவது அவரவர் கைவேலை. உரப்பையை வெட்டி டியூப்பைச் சுற்றித் தைத்தால் வெயிலும் சிப்பியும் நேரே படாது. துவாரத்துக்குக் குறுக்கே நைலோன் கயிற்றால் வலைபோலப் பின்னி, அதன்மேல் ஒரு பலகையோ றெஜிபோம் துண்டோ வைத்தால் இருக்கை. வீச்சு வலைக்காரருக்கு இருக்கையே வேண்டாம். வீசுவதற்குக் கால் நிலத்தில் ஊன்ற வேண்டும், டியூப்பில் இருந்து வீச முடியாது. அவர் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தபடி, டியூப்பின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பேசினை இறக்கி, மீனையும் இறாலையும் அதில் போட்டுக்கொண்டு கயிற்றால் இழுத்துப் போவார். பறியை இடுப்பில் கட்டினால் மீன் இரத்தம் உடம்போடு ஒட்டியே வரும். டியூப் சில முழம் தள்ளி வரும். அந்தச் சில முழத்துக்கு ஏன் விலை இருக்கிறதென்று கீழே சொல்கிறேன். இழுக்கும் கயிற்றை இடுப்பில் குருட்டு முடிச்சாகக் கட்டக் கூடாது. ஒரு இழுப்பில் அவிழ வேண்டும்.

காற்றடைத்த ஒன்றின்மேல் ஏறித் தண்ணீரைக் கடப்பது பழைய வித்தை. கி.மு. 9ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் இரண்டாம் அசுர்நசிர்பாலின் அரண்மனைச் சுவரில் செதுக்கிய போர்வீரர்கள் ஊதிய ஆட்டுத்தோலைக் கட்டிப்பிடித்து ஆற்றை நீந்துகிறார்கள். அந்தக் கல் இன்று இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் காய்ந்த சுரைக்குடுக்கையும் வாழைக்குற்றியும் அந்த வேலையைச் செய்தன. குடுக்கை உடையும், வாழை ஊறும். லொறி டியூப் வந்தபின் இரண்டையும் யாரும் தேடவில்லை.

மேல்நாடுகளில் இதே டியூப் வேறு வழியில் வளர்ந்தது. சக்கர டியூப்பைக் கன்வஸ் உறையில் நுழைத்து, நடுவில் தொட்டில்போல இருக்கை தைத்து, காலில் நீச்சல் துடுப்பு மாட்டி ஏரியில் தூண்டில் போடத் தொடங்கினார்கள். பிறகு வட்டம் போய், முன்பக்கம் திறந்த லாட வடிவமும், முனை கூர்ந்த வடிவமும் வந்தன. வட்ட டியூப்புக்குள் ஏறுவதும் அவசரத்தில் வெளியேறுவதும் கடினம். முன்பக்கம் திறந்தால் இரண்டும் எளிது. நல்லவற்றில் காற்றறைகள் இரண்டோ அதற்கு மேலோ தனித்தனியாக இருக்கும், ஒன்று போனாலும் மற்றது கரை சேர்க்கும். முழு எடையும் பத்துக் கிலோவுக்குள். இருப்பவர் காலை உதைத்துப் பின்பக்கமாகப் போவார். கை இரண்டும் தூண்டிலுக்கு. இரைச்சல் இல்லை, மீன் கலையாது. கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது இப்படியொன்றை மடித்துப் பெட்டியில் கொண்டுவரும் காலம் இது. அவர்கள் கேட்டால் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: அங்கே அது நல்ல கலம். மட்டக்களப்பு வாவியில் வேண்டாம்.

காரணம் முதலை. கிழக்கு வாவிகளில் உவர்நீர் முதலை உண்டு. குளங்களிலும் ஆறுகளிலும் குளத்து முதலை உண்டு. உவர்நீர் முதலை உலகத்தின் மிகப் பெரிய ஊர்வன. மட்டக்களப்பில் வாவிக்குப் போன மீனவர்கள் முதலையிடம் கை கால்களையும் உயிரையும் இழந்திருக்கிறார்கள். இது ஊருக்குப் புதிய செய்தி அல்ல. தோணியில் இருப்பவரின் உடம்பு தண்ணீருக்கு மேலே. டியூப்பின் நடுவில் இருப்பவரின் தொடைக்குக் கீழே எல்லாம் தண்ணீருக்குள். மேலே வட்ட நிழல், கீழே உதைக்கும் இரண்டு கால்கள், பக்கத்தில் மீன் இரத்தம். ஒரு பெரியவர் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: “தம்பி, டியூப்பும் மிதக்கும், முதலையும் மிதக்கும். காலப் பாத்துக்கொள்ளு.”

ஆகவே எங்கள் தண்ணீருக்கு டியூப்பைக் கட்டும் முறையே வேறாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒற்றை டியூப்பில் காலைத் தொங்கவிட்டு இருப்பதை விட்டு, இரண்டு லொறி டியூப்களை மூங்கிலால் பிணைத்து, மேலே பலகை அடித்து, காலை மடக்கிப் பலகையில் வைத்துக்கொண்டு கைத்துடுப்பால் போவது. ஒன்றில் காற்று போனாலும் மற்றது இருக்கும். உயரம் ஒரு சாண் கூடினாலும் அந்தச் சாண் பெரிது. முதலை பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் வேட்டையாடும். வெள்ளாப்புக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் டியூப்பில் இறங்காமல் இருப்பது முதல் கட்டுப்பாடு. கண்ணாக் காட்டின் நிழலான ஓடைகளில் இறங்காமல் இருப்பது இரண்டாவது. மாரி வெள்ளத்தில் முதலைகள் இடம் மாறி, நேற்று வரை காணாத துறைக்கும் வரும். கார்த்திகை, மார்கழியில் பழக்கப்பட்ட இடத்தையும் நம்பக் கூடாது. மீனை அறுத்துக் குடலைத் துறையிலேயே எறியும் பழக்கத்தை ஊரே கூடி நிறுத்த வேண்டும், அது முதலையை அழைத்துச் சாப்பாடு போடுவது.

காற்றும் நீரோட்டமும் அடுத்தவை. வாவி தெற்கே கல்முனைப் பக்கத்திலிருந்து வடக்கே ஏறாவூர்ப் பக்கம் வரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. ஆழம் பல இடங்களில் ஆளுயரம் தாண்டாது. ஆழம் குறைந்த அகலத் தண்ணீரில் காற்று எழுப்பும் அலை குட்டையாக, அடுக்கடுக்காக வரும். கச்சான் காற்று பிடிக்கும் நாளில் டியூப் காற்று சொல்லும் பக்கம் போகும்; உதைத்தாலும் துடுப்புப் போட்டாலும் நடை வேகத்தில் பாதிகூட வராது. ஆகவே புறப்படும்போது காற்றுக்கு எதிரே போய், திரும்பும்போது காற்றோடு வருவதுதான் புத்தி. பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரத்தின் மணல் திட்டை வெட்டிவிட்ட நாட்களில் வாவித் தண்ணீர் முழுவதும் கடலுக்கு ஓடும். அந்த ஓட்டத்துக்குள் டியூப்போடு போனவர் கடலில்தான் நிற்பார். ஐப்பசி மாதப் பின்னேர இடி இன்னொன்று: பரந்த தண்ணீரில் உயர்ந்து நிற்கும் ஒரே பொருள் நீங்களாக இருப்பீர்கள்.

குளத்தில் ஆபத்து கீழே இருந்து வருகிறது. காட்டை மூழ்கடித்துக் கட்டிய குளங்களில் பட்டமரங்களின் முனைகள் தண்ணீருக்குச் சற்றுக் கீழே நிற்கும், தண்ணீர் வற்ற வற்ற மேலே வரும். ஒற்றை டியூப்புக்கு ஒரு குத்துப் போதும். வலையை இழுக்கும்போது கட்டையில் மாட்டினால் பதற்றத்தில் இழுப்பவர் தானே வலைக்குள் சிக்குவார். ஒரு சிறு கத்தி எப்போதும் எட்டும் இடத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும். தங்கூசி வலை தடைசெய்யப்பட்டது. மீனுக்குச் செய்யும் கேடு ஒருபுறம் இருக்க, கண்ணுக்குத் தெரியாத அந்த இழை காலில் சுற்றினால் கையால் அறுக்க முடியாது. உயிர்காப்பு அங்கியைப் பற்றிக் கேட்டால் “நீந்தத் தெரியும்” என்று சொல்லிவிடுகிறார்கள். வலையில் கால் சிக்கியவருக்கு நீச்சல் உதவாது. அங்கி உதவும்.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். கரையில் வெயிலில் கிடக்கும் டியூப்புக்குள் காற்று விரியும். கல்லாக இறுகிய டியூப்பை நிழலுக்கு இழுக்காவிட்டால் பழைய ஒட்டு திறக்கும். அதையே தண்ணீரில் இறக்கினால் குளிர்ந்து தொய்யும். இறக்கிச் சற்று நேரம் விட்டு, தொய்ந்ததைப் பார்த்து, திரும்பக் கொஞ்சம் காற்றடித்த பிறகுதான் ஏற வேண்டும். வேலை முடிந்தால் நன்னீரில் கழுவி, காற்றைப் பாதி இறக்கி, நிழலில் வைத்தால் பல மாரி தாங்கும்.

இனி டியூப் கிடைப்பதே குறையும். கார்களில் டியூப் இல்லாத டயர் எப்போதோ வந்துவிட்டது. பஸ்ஸிலும் லொறியிலும் அது பரவிக்கொண்டிருக்கிறது. சுவர் ஆணிகள் வெறுமையாகும் நாள் வரும். அப்போது டியூப்பை நம்பியவர்கள் கள்ளுக்கானையும் பூச்சிமருந்துக் கானையும் றெஜிபோம் பெட்டியையும் கட்டி இறங்குவார்கள். றெஜிபோம் உடைந்து உதிர்ந்து வாவி முழுக்க வெள்ளைத் துகளாகிறது. மீன் அதைத் தின்கிறது. பூச்சிமருந்துக் கானைச் சாப்பாட்டு மீனுக்குப் பக்கத்தில் கட்டுவதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

இலங்கை இன்று பாரந்தூக்கி வண்டிகளுக்கான திண்ம டயரை உலகுக்கு ஏற்றுமதி செய்யும் நாடுகளில் முன்னணியில் நிற்கிறது. இறப்பர் இங்கே விளைகிறது, அதை வார்க்கும் கைகளும் இங்கேயே இருக்கின்றன. வாவிக்கென்று ஒரு மிதவை செய்ய இவையே போதும்: தனித்தனியாக இரண்டு காற்றறை, கால் முழுவதும் மேலே இருக்கும்படி தட்டையான மேற்பரப்பு, சிப்பியும் கட்டையும் கிழிக்காத கன்வஸ் உறை, உட்புறம் புதைந்த வால்வு, தோணிக்காரர் கண்ணில் தூரத்திலேயே படும் செம்மஞ்சள் நிறம், பக்கத்தில் மீனுக்குத் தனியாக மிதக்கும் ஒரு கூடை. அதற்கு ஒரு பதிவு இலக்கமும் கொடுக்கட்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் வலைக்குக் கடன் கொடுப்பதுபோல் இதற்கும் தவணைக்குக் கொடுக்கட்டும். விலை ஒரு தோணியின் விலையில் பத்தில் ஒன்றைத் தாண்டாமல் இருந்தால் செங்கலடியிலும் மண்முனையிலும் வாகரையிலும் வாங்க ஆள் இருக்கிறது.